ஊர்ச் சலவைச் சாலை

ஓர் ஊரின் பெருமையை அளக்கப் புகுவோர் அவ்வூர்க் கோபுரத்தின் உயரத்தையும், தேரின் அகலத்தையும், பண்டு அதனை ஆண்ட மன்னரின் பெயரையும் கேட்பது வழக்கம். அவ்வூரார் தம் அழுக்குத் துணியை எங்கே துவைத்தனர், அதற்கு நீர் எங்கிருந்து வந்தது, அந்நீரை முதலில் தொட்டவர் யார், கடைசியில் தொட்டவர் யார் என்று கேட்பாரைக் காண்டல் அரிது. நாம் ஆங்கிலப் பள்ளியிற் படித்த காலத்தில் எட்டாம் ஹென்றி மன்னரின் மனைவியர் அறுவர் பெயரையும் வரிசை பிறழாமல் ஒப்புவித்தோம். அவ்வறுவரின் ஆடையை வெளுத்தவள் யார் என்று ஆசிரியரும் கூறிற்றிலர்; நாமும் கேட்டோமில்லை.

சென்ற ஆண்டு நாம் கணக்கு எழுதும் தோட்டத்தில் பழைய லயங்களை இடித்தனர். பலகைச் சுவர்களும் தகரக் கூரைகளும் ஒரே நாளில் லாரியேறின. எஞ்சி நின்றது குழாயடி: சிமிண்டுத் தொட்டி ஒன்றும், துவைத்துத் துவைத்து நடுவே குழிந்துபோன கல் ஒன்றும். அவ்விடத்தைப் பார்வையிட வந்த அலுவலர் ஒருவர், "இங்கிருந்த ஜனங்களுக்குச் சுத்தம் என்பதே தெரியாது" என்று சொல்லிக்கொண்டு போனார். நாம் மறுமொழி கூறவில்லை. ஆபீசுக்குத் திரும்பிப் பழைய கணக்குப் புத்தகங்களைப் புரட்டினோம். அத்தொட்டி கட்டிய செலவு ஒரே வரியில் அடங்கியிருந்தது. லயம் முழுமைக்கும் ஒரு தொட்டி, ஒரு குழாய். அதனைக் கேட்டவர் யார், எத்தனை முறை கேட்டனர் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை.

அவ்வலுவலருக்கு அன்று சொல்லாத மறுமொழியை இங்கே எழுதப் புகுகின்றோம். அதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கின்றது. பிரான்சு தேசத்துக் கிராமங்களுக்கு. "ஏழைகள் அழுக்கர், அஃது அவர் குணம்" என்னும் பேச்சு அந்நாட்டிலும் ஒரு காலத்தில் இருந்தது. அப்பேச்சைப் பொய்யாக்கிய சாட்சி, கல்லாலும் மரத்தாலும் ஆனது, பல ஊர்களில் இன்றும் நிற்கின்றது. அதற்குப் பிரெஞ்சு மொழியில் 'லவுவார்' என்று பெயர். நாம் அதனைப் பொதுச் சலவைச் சாலை என்று அழைப்போம்.

மூன்று நாள் வேலை

இன்று பொத்தானை அழுத்திவிட்டு மறுவேலைக்குச் செல்லும் நம் இல்லத்தார்க்கு அக்காலத்துச் சலவை கதைபோலத் தோன்றும். 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டிலும் பிரெஞ்சுக் கிராமத்தார் பெரிய சலவையை ஆண்டுக்கு இருமுறை, இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும் செய்தனர். வசதியுள்ள குடும்பத்தில் பல மாதங்களுக்குப் போதுமான விரிப்புகளும் உள்ளாடைகளும் பெட்டியில் இருந்தமையால் அங்ஙனம் காத்திருக்க இயன்றது. துணிப்பெட்டி நிறைந்திருத்தலே செல்வத்தின் அடையாளம். ஏழைக்கோ மாற்றுடை ஒன்றோ இரண்டோ. ஆதலின் அவள் வாரந்தோறும் நீரண்டை செல்ல வேண்டியவள் ஆனாள். குறைந்த துணி உடையவளுக்கே ஓயாத துவைப்பு என்பதை அன்பர்கள் கவனிப்பார்களாக.

பெரிய சலவை மூன்று நாள் நடக்கும். கிராமத்தார் முதல் நாளை உத்தரிக்கும் ஸ்தலம் என்றும், இரண்டாம் நாளை நரகம் என்றும், மூன்றாம் நாளை மோட்சம் என்றும் வேடிக்கையாக அழைத்தனர். முதல் நாள் துணியைத் தண்ணீரில் ஊறவைப்பர். இரண்டாம் நாள் பெரிய மரத்தொட்டியில் துணிகளை அடுக்கி, அவற்றின்மேல் கனத்த துணியொன்றை விரித்து, அதன்மீது சலித்த விறகுச் சாம்பலைப் பரப்பி, காய்ந்த நீரை ஊற்றுவர். சாம்பலின் காரத்தைக் கரைத்துக்கொண்டு நீர் கீழிறங்கும். அடியிலுள்ள துளைவழி வடிந்ததை மீண்டும் காய்ச்சி மீண்டும் ஊற்றுவர். வெதுவெதுப்பில் தொடங்கிக் கொதிப்பில் முடியும் இவ்வேலை காலை முதல் இரவுவரை நீளும். புகையிலும் ஆவியிலும் நின்ற பெண்கள் அந்நாளை நரகம் என்றது மிகையன்று. சாம்பலிலும் தரம் பார்த்தனர்: பழமரச் சாம்பல் நன்று, ஓக் மரச் சாம்பல் துணியிற் கறை பிடிக்கும் என்று விலக்கினர். நம் நாட்டு வண்ணார் உவர்மண்ணில் ஊறவைத்து வெள்ளாவி வைத்ததும் இதே தத்துவத்தால்தான். காரம் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும்; பள்ளியிற் படியாத பெண்ணும் ஆணும் இந்த ரசாயனத்தை இரு கண்டங்களிலும் அறிந்திருந்தனர்.

மூன்றாம் நாள், ஈரத்தால் இருமடங்கு கனத்த துணியைத் தள்ளுவண்டியில் ஏற்றி நீர்நிலைக்குக் கொண்டுபோவர். அங்கே, முன்பக்கம் தடுப்புள்ள சிறு மரப்பெட்டியில் வைக்கோலை இட்டு, அதனுள் முழந்தாளிட்டு, மரக்கட்டையால் அடித்து, அலசி, இருவர் இருபுறமும் பிடித்து முறுக்கி, புல்வெளியில் வெயிலுக்கு விரிப்பர். வெண்மை தோன்றும் நாளாதலின் அது மோட்சம். ஆயினும் அந்த மோட்சம் ஆற்றங்கரையில் இருந்தது. மழைக்குக் கூரையில்லை, காற்றுக்குச் சுவரில்லை. குளிர்காலத்தில் பனிக்கட்டியை உடைத்தே கையை உள்ளே விடவேண்டும். வெள்ளம் வந்தால் வேலை நின்றது. கோடையில் ஆறு வற்றினால் சேற்றில் துவைத்தனர்.

நீரின் வரிசை

ஊற்றுநீர் உள்ள ஊர்கள் சில முன்னரே ஒரு வழி கண்டன. பர்கண்டி நாட்டில் தொன்னேர் என்னும் சிற்றூரில், சுண்ணாம்புப் பாறையின் ஆழத்திலிருந்து நீலநிறமாகப் பொங்கும் ஊற்றொன்று உண்டு. அதன் பெயர் ஃபோஸ் தியோன். 1758ஆம் ஆண்டில் அவ்வூற்றைச் சுற்றி வட்டமான கல்தொட்டி கட்டி, துவைப்போர் தலைக்குமேல் வளைந்த ஓட்டுக் கூரையும் அமைத்தனர். இன்றும் அதனைக் காணப் பிரயாணிகள் செல்கின்றனர்.

கிழக்குப் பிரான்சின் பல கிராமங்களில் நீர் ஒழுகும் வரிசையே ஒரு நீதிநூல் போன்றது. ஊற்றுநீர் முதலில் குடிநீர்த் தொட்டியில் விழும்; அங்கிருந்து வழிந்தது கால்நடைத் தொட்டிக்குப் போகும்; அதன் பின்னரே சலவைத் தொட்டிக்கு வரும். மனிதன், மாடு, துணி என்பது வரிசை. சலவைத் தொட்டியும் பல இடங்களில் இரண்டாகப் பிரிக்கப்பட்டது: மேல்பக்கம் அலசுதற்கு, கீழ்பக்கம் துவைத்தற்கு. அழுக்குநீர் ஒருபோதும் மேலே ஏறாதபடி கல்தச்சன் சரிவை அளந்து வைத்தான். இதனை அமைக்கப் பெரிய விஞ்ஞானம் வேண்டுவதில்லை. ஊரார் ஒன்றுகூடிப் பொதுப் பணத்தைச் செலவிட இசைய வேண்டும்; அவ்வளவே. அவ்விசைவு எங்கும் எளிதில் வந்துவிடவில்லை. அதற்கு ஒரு பெருந்துன்பம் வேண்டியிருந்தது.

வாந்திபேதி கற்பித்த பாடம்

வங்காளத்தில் தோன்றிப் பல நாடு கடந்து சென்ற வாந்திபேதி 1832ஆம் ஆண்டில் பாரிஸ் நகரை அடைந்தது. அந்நகரில் மாத்திரம் 18,000 பேருக்கு மேல் மாண்டனர். பிரான்சு முழுமையிலும் மாண்டவர் ஏறக்குறைய ஒரு லட்சம். நெருங்கிய சந்துகளில் வாழ்ந்த ஏழைகளே மிகுதியும் இறந்தனர். செல்வர் ஏழைகளின் அழுக்கைக் குறைகூறினர். ஏழைகளோ, யாரோ தம் நீரிலும் உணவிலும் நஞ்சு கலக்கின்றனர் என்று ஐயுற்றனர். அவ்வையத்தால் தெருவில் கொலையும் நிகழ்ந்தது. அந்நோய் அசுத்தமான நீரால் பரவுகின்றது என்பதை அன்று இரு சாராரும் அறியார். லண்டனில் டாக்டர் ஜான் ஸ்நோ அதனை ஆராய்ந்து காட்டியது 1854ஆம் ஆண்டில். அதுவும் உடனே ஏற்கப்படவில்லை.

அதே 1832ஆம் ஆண்டில், ஆங்கில நாட்டு லிவர்ப்பூல் துறைமுகத்தில் ஓர் ஏழை மாது செய்த காரியம் பிரெஞ்சுக் கிராமங்களின் கதையையும் மாற்றிற்று. அவர் பெயர் கிட்டி வில்கின்சன். 1786ஆம் ஆண்டில் அயர்லாந்தில் பிறந்தவர். சிறுமியாகக் கடல் கடந்து வந்தபோது கப்பல் விபத்திற் குடும்பத்தார் சிலரை இழந்தார். பஞ்சாலையில் உழைத்தார்; கணவரைக் கடலுக்குப் பறிகொடுத்தார்; பிறர் துணி வெளுத்துப் பிழைத்தார். வாந்திபேதி வந்தபோது அவர் வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கொப்பரை இருந்தது. அண்டை வீடுகளில் அது இல்லை. நோயாளிகளின் துணியையும் படுக்கையையும் கொண்டுவந்து தம் வீட்டிலேயே கொதிக்கவைத்து வெளுத்துக்கொள்ளும்படி அவர் அண்டையாரை அழைத்தார். வாரத்திற்கு ஒரு பென்னி கொடுத்தாற் போதும் என்றார். சுண்ணாம்புக் குளோரைடு இட்டுத் துணியைச் சுத்தம் செய்யக் கற்பித்தார்.

இதிற் காணத்தக்கது யாது? அத்தெருப் பெண்களுக்குச் சுத்தம் இன்னதென்று யாரும் பிரசங்கம் செய்யவில்லை. கொப்பரை கிடைத்தது, வந்தனர், துவைத்தனர். அவர்களிடம் இல்லாதது சுத்தத்தில் விருப்பமன்று, சுடுநீர். நகரத்தின் பெரியோர் சிலர் இவ்வுண்மையை உணர்ந்தமையால் 1842ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் நகர மன்றம் பிரெடரிக் தெருவில் பொதுக் குளியல் நிலையமும் சலவைச் சாலையும் திறந்தது. 1846ஆம் ஆண்டில் கிட்டி வில்கின்சனும் அவர்தம் இரண்டாம் கணவரும் அதன் மேற்பார்வையாளர் ஆயினர். அவ்வாண்டிலேயே, எந்த ஊரும் பொதுப் பணத்தால் இத்தகைய நிலையங்களைக் கட்டலாம் என்று ஆங்கிலப் பார்லிமெண்டு சட்டம் இயற்றிற்று. 1860ஆம் ஆண்டில் அம்மையார் மறைந்தார். லிவர்ப்பூலின் செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தில், ஆடவர் சிலைகளே நின்ற இடத்தில், 2012ஆம் ஆண்டில் அவர் சிலை நாட்டப்பெற்றது. கேட்டவர் பெயரும் செய்தவர் பெயரும் எழுதப்பட்ட அரிய நிகழ்ச்சிகளுள் இஃது ஒன்று.

ஆறு லட்சம் பிராங்கு

பிரான்சில் 1848ஆம் ஆண்டுப் புரட்சியால் மன்னராட்சி வீழ்ந்து குடியரசு வந்தது. மறு ஆண்டே வாந்திபேதி மீண்டும் நாட்டைத் தாக்கிற்று. விவசாய வாணிப மந்திரியாக அப்பொழுது அமர்ந்திருந்தவர் ழான் பப்தீஸ்த் துமா என்னும் புகழ்பெற்ற ரசாயன சாஸ்திரி. ஆங்கில நாட்டுப் பொதுச் சலவைச் சாலைகள் ஆராயப்பட்டன. அதன் பயனாக 1851ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 3ஆம் நாள் ஒரு சட்டம் நிறைவேறிற்று. கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ பயன்படத்தக்க குளியல் நிலையங்களையும் சலவைச் சாலைகளையும் கட்ட முன்வரும் ஊர்களுக்கு உதவியாக 6,00,000 பிராங்கு ஒதுக்கப்பட்டது. கட்டடச் செலவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை அரசாங்கம் தரும். மற்றதை ஊரார் தேட வேண்டும்.

இச்சட்டத்தை ஈட்டியவை இரக்கமும் அச்சமும் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஏழையின் சந்தில் தொடங்கும் நோய் செல்வர் மாளிகைக்கும் வரும் என்பதை மேலோர் கண்டனர். அழுக்கிலும் பசியிலும் கிடப்போர் மீண்டும் தெருவில் இறங்குவர் என்பதும் அவர்கள் நினைவில் இருந்தது. எக்காரணத்தாலாயினும் ஆகுக, துவைத்தற்கு இடம் தர முன்வரும் ஊருக்கு அரசாங்கம் உதவும் என்பது சட்டப் புத்தகத்தில் ஏறியதே நாம் கொள்ளத்தக்கது.

ஊரார் பணம் தேடிய கதையும் சுவையானது. கிழக்குப் பிரான்சில் காடு ஊருக்குப் பொதுவாக இருந்தது. அக்காட்டு மரத்தை விற்ற பணத்தால் ஊற்றுகளையும் சலவைச் சாலைகளையும் கட்டினர். ஓட் ஸோன் மாவட்டத்துச் சில ஊர்களில் ஒரே கட்டடத்தில் மேல்மாடியில் ஊர் மன்றமும் கீழே சலவைச் சாலையும் அமைந்தன. மேலே ஆடவர் வரிக்கணக்குப் பேச, கீழே பெண்டிரின் கட்டைகள் ஓங்கி ஒலித்திருக்கும். ஊர் மன்றத்தில் அமரவோ வாக்களிக்கவோ அப்பெண்டிர்க்கு 1944ஆம் ஆண்டுவரை உரிமையில்லை. அவ்வாறாயினும் ஊரின் செய்தியெல்லாம் கீழ்மாடியில்தான் முதலிற் பேசப்பட்டது. யார் வீட்டு விரிப்பில் என்ன கறை என்பதை அறிந்தவர்க்கு எது மறைவு?

கட்டட அமைப்பும் பல வகை. சிலவற்றில் நான்கு பக்கமும் கூரை உட்புறம் சரிந்து நடுவே வானம் திறந்திருக்கும். மழைநீர் தொட்டியில் விழ, வெளிச்சம் துவைப்போர் கையில் விழும். தொட்டியின் விளிம்புக் கல் உட்புறமாகச் சாய்ந்திருக்கும். அச்சாய்வில் துணியை வைத்து அடிப்பர். துணியைத் தொங்கவிட்டு நீர் வடிக்க நீண்ட மரச்சட்டங்களும் உண்டு. நம் தோட்டத்துக் குழாயடிக் கல்லும் சரிவாக இருந்தது என்பதை நினைத்துக்கொண்டோம். கை செய்யும் வேலை ஒன்றாயின் கல்லும் ஒன்றுபோலவே ஆகும் போலும்.

நிழற் பக்கம்

கூரை வந்தது, துன்பம் முற்றும் ஒழிந்தது என்று எழுதினால் அது சரித்திரம் ஆகாது. நீர் முன்போலவே குளிர்ந்திருந்தது. முழந்தாளும் முதுகும் தேய்ந்தன, கைகள் வெடித்தன. ஒரே தொட்டியில் நோயாளியின் துணியும் மற்றவர் துணியும் கலந்தால் சலவைச் சாலையே நோய்ச் சாலையாகும். ஊரார் விதிகள் எழுதி ஒட்டியது இத்தகைய கேடுகளைத் தடுக்கவே. இடத்திற்கும் சண்டை இருந்தது. தெளிந்த நீர் வரும் மேல்முனை யாருக்கு, பிறர் அழுக்கு வந்து சேரும் கீழ்முனை யாருக்கு என்பது சிறிய வழக்கன்று.

நகரங்களில் நிலைமை இன்னும் கடினம். பாரிஸ் நகரில் பலவும் முதலாளிகள் காசுக்கு நடத்திய சலவைச் சாலைகள். சேன் நதியில் படகுகளையே சலவைச் சாலைகளாக நிறுத்தியிருந்தனர். கூலிக்கு வெளுக்கும் பெண்கள் விடியுமுன் தொடங்கி இருட்டியபின் முடித்தனர். எமில் ஸோலா என்னும் ஆசிரியர் 1877ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலின் கதாநாயகி ஒரு சலவைக்காரி. பாரிஸ் சலவைச் சாலையின் ஆவியையும் இரைச்சலையும் அதிலே அவர் விரித்துரைத்தபோது, நாகரிகர் பலர் இத்தகைய இடத்தை எழுதலாமா என்று முகஞ்சுளித்தனர். தம் சட்டைக் கழுத்து எங்ஙனம் வெளுத்தது என்பதை அறிய விரும்பாதவர் எந்நாட்டிலும் உண்டு.

சலவையை எளிதாக்கியதில் சோப்பிற்கும் பங்குண்டு; அங்கே நம் தோட்டமும் கதைக்குள் வருகின்றது. மார்செய் நகரத்துச் சோப்பு நெடுங்காலம் ஒலிவ எண்ணெயால் ஆனது. 19ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பனையெண்ணெய் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு வந்தது. அதனை மிகுதியாக இறக்கிய ஆங்கிலத் துறைமுகம் அதே லிவர்ப்பூல்தான். அந்தச் செம்பனை மரத்தை மலாயாவில் முதன்முதல் வாணிபத்துக்காக 1917ஆம் ஆண்டில் பயிரிட்டவர் ஆன்றி ஃபோகொன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர். இடம், சிலாங்கூரில் 'தென்னமரம்' என்று தமிழ்ப்பெயர் தாங்கிய தோட்டம். உலகத்தார் துணி வெளுக்கும் எண்ணெயை விளைவித்த கைகளுள் நம்மவர் கைகளும் உண்டு. அக்கைகளை அழுக்குக் கைகள் என்றவர்க்கு இக்கணக்கு தெரியாது.

நம்மவர் துறை

இங்கே நம் பக்கமும் ஒரு வார்த்தை கூறாமல் விடுதல் நேர்மையாகாது. சிங்கப்பூரில் 'டோபி காட்' என்னும் இடத்தை அறியாத நகரத் தமிழர் இல்லை. இன்று அது ரயில் நிலையத்தின் பெயர். டோபி என்பது வெளுப்பவர். காட் என்பது துறை. ஆர்ச்சர்ட் ரோட்டை ஒட்டி ஓடிய நீரோடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர் நகரத்தாரின் துணியை வெளுத்து, அருகிருந்த வெளியில் உலர்த்தினர். அவர்கள் தலைக்குமேல் நகரம் கூரை கட்டிய கதையை நாம் கேட்டதில்லை. பெயர் மாத்திரம் நின்றது.

பிரெஞ்சுக் கிராமத்திற்கும் நம் தாய்நாட்டுக் கிராமத்திற்கும் உள்ள பெரிய வேற்றுமை ஒன்றை மறத்தல் கூடாது. அங்கே ஒரு பெண் வறுமையால் சலவைக்காரி ஆனாள். அவள் மகள் தையற்காரியோ ஆசிரியையோ ஆகத் தடுக்கும் சாத்திரம் இல்லை. நம் நாட்டிலோ வெளுப்பவர் பிறப்பால் வெளுப்பவர். ஊராரின் தீட்டுத் துணியைச் சுத்தமாக்கியவரே தீட்டு உடையவர் என்று ஒதுக்கப்பட்டார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வெளுத்த புதிரை வண்ணார் அவர்களினும் கீழாக வைக்கப்பட்டனர். திருநெல்வேலிச் சீமையில் அவர்கள் பகலில் பிறர் கண்ணிற் படுதலும் ஆகாது என்று இரவிலேயே வேலை செய்யும்படி வைக்கப்பட்டிருந்த செய்தி 1932ஆம் ஆண்டில் சென்னை ஆங்கிலப் பத்திரிகையில் வெளிவந்தது. டாக்டர் அம்பேத்கர் அதனை எடுத்துக்காட்டினார். தொடக்கூடாதவர் என்றதனோடு அமையாது, காணக்கூடாதவர் என்றும் ஒரு வகுப்பைப் படைத்த சமூகம் நம்முடையது. பிரெஞ்சுத் தொட்டியில் அழுக்குநீர் கீழே போகும்படி கல்தச்சன் சரிவு வைத்தான். நாமோ அந்தச் சரிவை மனிதர்மீதே வைத்தோம். கல்லிற் செய்த சரிவு நியாயம். மனிதரிற் செய்த சரிவு அநியாயம்.

கடல் கடந்து தோட்டங்களுக்கு வந்தபோது இச்சரிவு ஒருவாறு குறைந்தது. லயத்தில் அவரவர் துணியை அவரவரே துவைக்க நேர்ந்தது. ஒரே குழாயை எல்லாரும் திருக வேண்டியதாயிற்று. முணுமுணுத்தவர் உண்டு, குடத்தைத் தள்ளிவைத்தவரும் உண்டு. ஆயினும் தண்ணீர் வரும் நேரம் குறுகியது, வரிசை நீண்டது, குலம் பார்த்துக்கொண்டிருந்தால் குழாய் நின்றுவிடும். பல மேடைப் பிரசங்கங்கள் செய்யாத வேலையைச் சில இடங்களில் ஒரு குழாய் செய்தது.

கதவு மூடிய பின்

பிரான்சின் பெரும்பாலான கிராமங்களுக்கு 1945ஆம் ஆண்டில்கூட வீட்டுக் குழாய் இல்லை. இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின்னரே நீர் வீடுதோறும் வந்தது. அதன் பின்னே சலவை யந்திரமும் வந்தது. 1950ஆம் ஆண்டுக்குப் பின் இருபது முப்பது ஆண்டுகளுக்குள் சலவைச் சாலைகள் ஓய்ந்தன. சில இடிந்தன, சில வண்டி நிறுத்துமிடம் ஆயின, பலவற்றை ஊரார் பழுதுபார்த்துப் பூந்தொட்டி வைத்துக் காக்கின்றனர். அங்கே பேசிச் சிரித்த பேச்சுக்கு ஏங்கும் கிழவிகள் உண்டு என்பர். ஆனால், பனிநீரில் மீண்டும் கைவைக்க வாருங்கள் என்றால் அவருள் எவர் வருவார்? கூட்டுறவு இனிது, முழந்தாள் வலி இனிதன்று. இரண்டையும் பிரித்து அறிதல் வேண்டும்.

மலேசியாவில் 1990ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கு இலவசமாகவும் போதுமான அளவிலும் குழாய்நீர் தருதலை முதலாளியின் கடமையாக்கிற்று. பிரெஞ்சுச் சட்டத்திற்கும் இதற்கும் இடையே 139 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் துணி அழுக்காகிக்கொண்டே இருந்தது. பெண்கள் துவைத்துக்கொண்டே இருந்தனர்.

இனி அவ்வலுவலருக்கு மறுமொழி. ஐயா, நீர் பழித்த அக்குழாயடியில் நம் அன்னையார் பதினெட்டு ஆண்டு துவைத்தார். பால்வெட்டப் போகும் உடையில் ரப்பர்ப்பால் பட்டால் அது காய்ந்து கறுத்துவிடும். எந்தச் சோப்பிற்கும் போகாது. அவ்வுடையை அவர் நாள்தோறும் துவைத்தார். நாள்தோறும் அது கறையோடே உலர்ந்தது. கறையைக் கண்டவர் அழுக்கு என்றனர். துவைத்ததைக் கண்டவர் எவருமில்லை. நாம் பள்ளிக்கு உடுத்திச் சென்ற வெள்ளைச் சட்டையை அவர் அக்கல்லிலே, விடியற்காலை நான்கு மணிக்கு, தண்ணீர் வருமுன் வரிசையில் வாளியை வைத்துக் காத்திருந்து வெளுத்தார். சுத்தம் தெரியாதவர் அல்லர் அவர். அவரிடம் இல்லாதது இரண்டாவது குழாய்.

தோட்டத்து அன்பர்களே, நகரத்து நண்பர்களே! உங்கள் தோட்டத்திலும் கம்பத்திலும் முதற்குழாய் வந்தது எவ்வாண்டு? கேட்டவர் யார்? துரையிடம் போய் நின்ற பெண்கள் யாவர்? அறிந்த பெரியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களை அண்டி உட்கார்ந்து, பெயரோடும் ஆண்டோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். பிரெஞ்சு ஊர் மன்றங்களின் ஏடுகளில் சலவைச் சாலைக்கு ஆன செலவு இருக்கின்றது. லிவர்ப்பூலில் ஓர் ஏழைச் சலவைக்காரியின் சிலை இருக்கின்றது. நம் தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் ஒரே வரிதான் இருந்தது. நாம் அவ்வரியின் கீழே, வரிசை தவறாமல், அன்னையார் சொன்ன பதினொரு பெண்களின் பெயரை எழுதியிருக்கின்றோம். கணக்கர் அங்ஙனம் எழுதுதல் முறையன்று என்று யாரேனும் சொன்னால், கணக்கில் விடுபட்டதைச் சேர்த்தோம் என்பதே நம் விடை.